குறைக்கலாம், கூட்ட முடியாது: மானியக் கோரிக்கையில் வேலூர் உறுப்பினரின் வாக்கு

நீர்வளத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறையின் ஓராண்டுச் செலவுக்குப் பணம் கேட்கும் தீர்மானம், சட்டப்பேரவைக்கு வரும் நாளில் வேலூர், குடியாத்தம், வாணியம்பாடி பக்கத்து விவசாயிகள் தேடுவது அமைச்சர் பதிலுரையின் முடிவில் வாசிக்கும் அறிவிப்புகளைத்தான். பாலாற்றுக்குத் தடுப்பணை உண்டா, ஏரிக்கு வரும் கால்வாயைத் தூர்வாரும் பணி உண்டா என்பதே அவர்கள் கவலை. ஆந்திர அரசு புல்லூர் தடுப்பணையின் உயரத்தை 2016இல் கூட்டியதிலிருந்து இந்தத் தேடலில் பதற்றமும் சேர்ந்துகொண்டது. ஆனால் அந்தக் கோரிக்கை வாக்குக்கு விடப்பட்டபோது தங்கள் தொகுதி உறுப்பினர் ‘ஆம்’ என்றாரா, ‘இல்லை’ என்றாரா, அவையில் இருந்தாரா, வெளிநடப்பில் போய்விட்டாரா என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் பெரும்பாலும் பதில் கிடைக்காது. குரல் வாக்கெடுப்பில் யாருடைய பெயரும் பதிவாவதில்லை. அரசின் பணத்தைச் செலவிட அனுமதி தரும் அதிகாரம் பேரவைக்கு மட்டுமே உண்டு என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. அந்த அதிகாரத்தைத் தனித்தனியே கையில் வைத்திருக்கும் உறுப்பினரின் வாக்கோ நடைமுறையில் ஏறத்தாழ அசைய முடியாதபடி கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டுகள் எங்கே விழுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து 1989இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. எஞ்சிய வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. இந்த மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து அரக்கோணம் முதல் திருப்பத்தூர் வரை 13 தொகுதிகள் இருக்கின்றன. பேரவையின் மொத்த இடங்கள் 234. ஆக, சரியாகப் பதினெட்டில் ஒரு பங்கு. தமிழகத்தின் மேலவை 1986இல் கலைக்கப்பட்டுவிட்டதால், நிதி தொடர்பான எந்த முடிவும் இந்த ஒரே அவையில் தொடங்கி இங்கேயே முடிகிறது.

நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படும் நாளில் வாக்கெடுப்பு எதுவும் கிடையாது. அதைத் தொடர்ந்து சில நாட்கள் நடக்கும் பொது விவாதத்திலும் கிடையாது. அங்கே ஆட்சியின் நிதிக் கொள்கை புகழப்படும் அல்லது பழிக்கப்படும், அவ்வளவே. வாக்கு என்பது அதற்குப் பிறகு, துறைவாரியான மானியக் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக அவைக்கு வரும்போதுதான் வருகிறது. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்த மானியத்தையும் கோர முடியாது. ஆளுநரின் பரிந்துரை என்றால் அமைச்சரவையின் முடிவு என்று பொருள். எனவே ‘இவ்வளவு பணம் வேண்டும்’ என்று கேட்கும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு. எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும் தனி உறுப்பினருக்கு அது இல்லை.

இந்த முதல் கட்டுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 203ஆம் பிரிவு பேரவைக்கு மூன்று வழிகளைத் தருகிறது: கோரிய தொகைக்கு இசையலாம், இசைய மறுக்கலாம், தொகையைக் குறைத்து இசையலாம். கூட்டுவதற்கு வழியே இல்லை. ஒரு துறைக்குக் குறைத்ததை இன்னொரு துறைக்கு மாற்றிவிடவும் வழியில்லை. அணைக்கட்டு தொகுதியின் மலைக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். அல்லேரிக்கோ பீஞ்சமந்தைக்கோ நல்ல சாலை வேண்டும் என்று எண்ணும் உறுப்பினர், உரிய துறையின் கோரிக்கையில் ஐந்து கோடி ரூபாயைச் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் பேரவைத் தலைவர் அதை ஏற்க மாட்டார். அவருக்கு விதி அனுமதிக்கும் திருத்தம் ஒன்றே: அந்தத் துறைக்கான தொகையை நூறு ரூபாய் குறைக்க வேண்டும், மலைக் கிராமத்துக்குச் சாலை போடத் தவறியதை விவாதிப்பதற்காக, என்று எழுதிக் கொடுப்பது. சாலை கேட்பவர் சாலைத் துறையின் பணத்தைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கும் புதியவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அவையில் அனைவருக்கும் அந்த நூறு ரூபாயின் பொருள் தெரியும்.

இதற்குப் பெயர் வெட்டுத் தீர்மானம். மக்களவை விதிகள் இதில் மூன்று வகை காட்டுகின்றன. துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்பவர் மொத்தத் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வார். சிக்கனம் வேண்டும் என்பவர் குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைக்கச் சொல்வார். குறிப்பிட்ட ஒரு குறையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புபவர் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்வார். மாநிலப் பேரவைகளிலும் இந்த மூன்றாவது வகையே பெருவழக்கு. நிறைவேற வேண்டும் என்று யாரும் அதைக் கொடுப்பதில்லை. பேசுவதற்கான அனுமதிச் சீட்டாகவும், தொகுதியின் குறை அவைக் குறிப்பில் ஏறுவதற்கான வழியாகவும்தான் அது பயன்படுகிறது. விவாதம் முடிந்ததும் அமைச்சர் பதில் சொல்லி, வெட்டுத் தீர்மானங்களைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்வார். சிலர் திரும்பப் பெறுவார்கள். மற்றவை ஒட்டுமொத்தமாக வாக்குக்கு விடப்பட்டு ஒரே குரலில் தோற்கும். அதன் பிறகு மூல கோரிக்கை நிறைவேறும்.

இந்த ஏற்பாடு நம்முடைய கண்டுபிடிப்பு அன்று. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்துக்கு மானியங்களைக் குறைக்கவும் மறுக்கவும் அதிகாரம் கிடைத்தது. ஆனால் காவல், நில வருவாய், பாசனம் போன்ற துறைகள் ஆளுநரின் பொறுப்பில் ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் உறுப்பினர்கள் வெட்டியதை, தமது கடமைக்கு அந்தச் செலவு இன்றியமையாதது என்று சான்றளித்து ஆளுநர் மீண்டும் ஒட்டிவிடலாம். அதாவது பாலாற்று ஏரிகளுக்கான செலவில் உறுப்பினர்கள் கைவைத்தாலும் அது இறுதி முடிவாகாது. அந்தச் சான்றளிக்கும் அதிகாரம் விடுதலைக்குப் பின் போய்விட்டது. அரசு கேட்கும், அவை தரும் அல்லது குறைக்கும் என்ற மூல அமைப்பு மட்டும் அப்படியே தொடர்கிறது.

ஆளுநரின் இடத்தில் இன்று பெரும்பான்மை நிற்கிறது. ஒரு வெட்டுத் தீர்மானம் தப்பித்தவறி நிறைவேறிவிட்டால், குறைந்தது நூறு ரூபாய்தான் என்றாலும், அரசு அவையின் நம்பிக்கையை இழந்துவிட்டது என்பதே நாடாளுமன்ற மரபு. ஆகவே ஆளுங்கட்சி உறுப்பினர் தம் தொகுதிக் குறை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வெட்டுத் தீர்மானத்தை ஆதரிக்க முடியாது. ஆதரித்தால் அது சொந்த ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்காகிவிடும். 2010 ஏப்ரலில் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்து மக்களவையில் பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும் கொண்டுவந்த வெட்டுத் தீர்மானங்கள் இதற்கு நல்ல சான்று. தீர்மானங்கள் தோற்றன. ஆனால் அன்று பா.ஜ.க.வின் துணையோடு ஜார்க்கண்டில் முதலமைச்சராக இருந்த ஷிபு சோரன், மக்களவை உறுப்பினர் என்ற முறையில் மன்மோகன் சிங் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார். அந்த ஒரு வாக்குக்காக அவருடைய மாநில ஆட்சிக்குத் தந்த ஆதரவைப் பா.ஜ.க. விலக்கிக்கொண்டது. எரிபொருள் விலையைப் பற்றி அந்த வாக்கு என்ன சொன்னது என்பதை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது கட்டு கொறடாவின் ஆணை, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்கு இடும் கட்டளை. 1985இல் 52ஆம் திருத்தத்தின் வழியே அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித்தாவல் தடைச் சட்டம் என்பது இதுவே), கட்சியின் ஆணைக்கு மாறாக வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், கட்சி பதினைந்து நாட்களுக்குள் அதை மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். எந்தக் கட்சி வேட்பாளராக நிறுத்தியதோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே உறுப்பினர் கருதப்படுவார். இதன் விளைவை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். 2021 தேர்தலில் கீழ்வைத்தியணான்குப்பம் தொகுதியில் வென்றவர் புரட்சி பாரதம் கட்சியின் தலைவர் பூவை ஜெகன்மூர்த்தி. ஆனால் அவர் போட்டியிட்டது இரட்டை இலையில். தம் கட்சிக்குத் தாமே தலைவராக இருந்தும், அந்த அவையின் கணக்கில் அவர் அ.தி.மு.க. உறுப்பினராகவே இருந்தார், அந்தக் கட்சியின் கொறடா சொல்வதே அவரையும் கட்டியது.

இந்த ஆணை எல்லா வாக்கெடுப்புக்கும் பொருந்துமா என்ற கேள்வி கிகோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் எழுந்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் பத்தாவது அட்டவணை செல்லும் என்றது. ஆனால் உறுப்பினரின் பதவியைப் பறிக்கும் கொறடா ஆணை, ஆட்சியின் நீடிப்பைத் தொடும் வாக்கெடுப்புகளோடும், கட்சி மக்களிடம் வாக்குறுதி தந்த அடிப்படைக் கொள்கைகளோடும் நின்றுவிட வேண்டும் என்றும் அது கருதியது. மானியக் கோரிக்கையும், நிறைவேறிய மானியங்களுக்குச் சட்ட வடிவம் தரும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவும் ஆட்சியின் நீடிப்பைத் தொடுபவைதாம். ஆகவே அந்த விலக்கு நிதி வாக்குக்கு உதவாது. 2024 பிப்ரவரி 28 அன்று இமாச்சலப் பிரதேசப் பேரவையில் நிதிநிலை அறிக்கை நிறைவேறியபோது, கொறடா ஆணையை மீறி அவைக்கு வராதிருந்த ஆறு காங்கிரஸ் உறுப்பினர்களை மறுநாளே அந்த அவையின் தலைவர் தகுதி நீக்கினார். முந்தைய நாள் மாநிலங்களவைத் தேர்தலில் அவர்கள் மாற்றி வாக்களித்ததே பூசலின் வேர். ஆனால் அந்தத் தேர்தலுக்குக் கொறடா ஆணை பொருந்தாது. நிதிநிலை அறிக்கைக்குப் பொருந்தும். பதவியைப் பறிக்கக் கிடைத்த பிடி அதுதான்.

பத்தாவது அட்டவணை வேலூரைத் தொட்டது வேறு வழியில். 2017 செப்டம்பரில் தமிழகப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கிய 18 உறுப்பினர்களில் மூவர் ஒன்றுபட்ட வேலூர் மாவட்டத்தினர்: குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர். அவர்கள் மீதான குற்றச்சாட்டு வாக்கை மாற்றியது அன்று. தாமாகவே கட்சியை விட்டு விலகியதாகக் கருதப்பட்டதே காரணம். வழக்கு உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரு நீதிபதிகளிடையே மாறுபட்ட தீர்ப்பாகி, மூன்றாம் நீதிபதியிடம் போய் அக்டோபரில் முடிந்தது. 2019 ஏப்ரலில்தான் இடைத்தேர்தல் வந்தது. இதற்கிடையே 2018–19ஆம் ஆண்டின் மானியக் கோரிக்கைகள் அனைத்தும் விவாதிக்கப்பட்டு நிறைவேறின. குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோ சோளிங்கருக்கோ ‘ஆம்’ சொல்லவும் ஆளில்லை, நூறு ரூபாய் வெட்டச் சொல்லவும் ஆளில்லை. பதின்மூன்றில் மூன்று தொகுதிகள் ஒரு முழு நிதியாண்டின் வாக்கில் இல்லாமல் போனதைப் பற்றி அப்போது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து; ஆட்சி நிற்குமா விழுமா என்ற ஒரே கேள்வி மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மூன்றாவது கட்டு, வாக்கு எடுக்கப்படும் முறை. ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க என்று பேரவைத் தலைவர் கேட்பார்; எந்தப் பக்கம் குரல் மிகுதி என்று அவரே முடிவு சொல்வார். யாராவது மறுத்து எண்ணிக்கை கோரினால்தான் டிவிஷன். தமிழகப் பேரவையில் டிவிஷன் என்றால் அவைக் கதவுகளை மூடி, உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவது. 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கைத் தீர்மானத்துக்கு 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு என்ற கணக்கு அப்படித்தான் கிடைத்தது. மானியக் கோரிக்கைகளுக்கு இவ்வளவு தூரம் போவது அபூர்வம். எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்த பின் வெற்று இருக்கைகளுக்கு நடுவே கோரிக்கை நிறைவேறும் காட்சியே பழக்கமானது. அவை நடக்கப் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் போதும் என்பது அரசமைப்பு விதி. 234 பேர் கொண்ட அவைக்கு 24 பேர். அவர்களில் 13 பேர் ‘ஆம்’ என்றால் ஒரு துறையின் ஓராண்டுச் செலவு முழுவதும் சட்டப்படி செல்லும்.

குரல் வாக்கெடுப்பு எவ்வளவு தூரம் இடறும் என்பதை உத்தரகண்ட் காட்டியது. 2016 மார்ச் 18 அன்று அங்கே நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வந்தபோது, ஆளும் காங்கிரசிலேயே ஒன்பது பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து எண்ணிக்கை கோரினர். அவைத் தலைவர் அதற்கு இடந்தராமல், குரல் வாக்கில் நிறைவேறியதாக அறிவித்தார். எண்ணியிருந்தால் அரசு தோற்றிருக்கும் என்று ஒரு தரப்பும், அவைத் தலைவரின் அறிவிப்பே இறுதி என்று மறு தரப்பும் நின்றன. ஒன்பது நாட்களில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மே 10 அன்று அவையில் நடந்த வாக்கெடுப்பில், தகுதி நீக்கப்பட்ட ஒன்பது பேர் இல்லாமல், 33க்கு 28 என்ற கணக்கில் ஹரிஷ் ராவத் அரசு மீண்டது. சில நிமிட வேலையான ஓர் எண்ணிக்கை மறுக்கப்பட்டதால் ஒரு மாநிலத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் நிலையான ஆட்சி இல்லாமல் போயிற்று.

மானியங்கள் எல்லாம் நிறைவேறிய பின் அவற்றை ஒன்றாகக் கோத்து நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். அதில் எந்தத் தொகையையும் மாற்றும் திருத்தமோ, ஒரு பணியின் பணத்தை வேறு பணிக்குத் திருப்பும் திருத்தமோ கொடுக்க முடியாது. இன்னொரு வகைச் செலவு வாக்குக்கே வருவதில்லை: கடனுக்கான வட்டி, ஆளுநரின் ஊதியம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், நீதிமன்றத் தீர்ப்புப்படி அரசு கட்ட வேண்டிய தொகை முதலியவை. சாலைக்கு எடுத்த நிலத்துக்கான இழப்பீட்டை நீதிமன்றம் உயர்த்திவிட்டால், அந்தக் கூடுதல் தொகை இந்தக் கணக்கில்தான் சேரும். உறுப்பினர்கள் இவற்றை விவாதிக்கலாம், வாக்களிக்க முடியாது. வட்டிச் சுமை கூடக் கூட, வாக்குக்கு வெளியே நிற்கும் பங்கும் கூடுகிறது.

வரிப் பக்கத்தில் நிலைமை சற்று வேறு. வரியைக் குறைக்கவோ நீக்கவோ கொடுக்கும் திருத்தத்துக்கு ஆளுநரின் பரிந்துரை தேவையில்லை என்று 207ஆம் பிரிவு சொல்கிறது; ஆக, வரிச் சட்டமுன்வடிவில் தனி உறுப்பினருக்கு உண்மையான இடம் உண்டு. ஆனால் 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பின், அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. குடியாத்தத்துத் தீப்பெட்டித் தொழிலை எடுத்துக்கொண்டால், கையால் செய்யும் தீப்பெட்டிக்கு ஒரு விகிதமும் இயந்திரத் தீப்பெட்டிக்கு வேறு விகிதமும் இருந்ததை 2020 மார்ச்சில் 12 சதவீதமாக ஒன்றாக்கியது ஜி.எஸ்.டி. மன்றம். அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அதற்குத் திருத்தம் கொடுக்க ஓர் இடம்கூட இல்லை.

அப்படியானால் ஆண்டு நடுவில் மாற்றம் எப்படி நடக்கிறது? மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. முதலாவது அமைச்சரின் பதிலுரை. காட்பாடியிலிருந்து பலமுறை தேர்வான துரைமுருகன் 2021இல் நீர்வளத் துறையை ஏற்றபின், அந்தத் துறையின் கோரிக்கையை முன்வைப்பவரும் விவாதத்துக்குப் பதில் சொல்பவரும் வேலூர்க்காரராகவே இருந்தார். அவர் வாசிக்கும் அறிவிப்புகளில் நம் பக்கத்துப் பணிகள் வருமா என்ற எதிர்பார்ப்பு இயல்பாகவே கூடியது. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாக்குக்கு வரும் கோரிக்கையின் தொகை முன்பே அச்சாகி உறுப்பினர் கையில் இருக்கிறது. பதிலுரையில் வரும் அறிவிப்பு அந்தத் தொகையை ஒரு ரூபாய்கூட உயர்த்துவதில்லை. அறிவித்த பணி பிறகு நிர்வாக ஒப்புதல் பெற்று, அரசாணையாகி, இருக்கும் ஒதுக்கீட்டிலிருந்தோ புதிய ஒதுக்கீட்டிலிருந்தோ பணம் பெற வேண்டும். பேரவை விதிகளில் 110ஆம் விதியின் கீழ் முதலமைச்சரும் அமைச்சர்களும் படிக்கும் அறிக்கைக்கு விவாதமும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. கைதட்டல் மட்டும் உண்டு.

இரண்டாவது வழி துணை மானியக் கோரிக்கை. அறிவித்துத் தொடங்கிவிட்ட புதுப்பணிகளுக்கு அவையின் ஒப்புதலைப் பின்னால் பெறுவதும், எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணமாக எடுத்ததை அந்த நிதிக்கு ஈடுசெய்வதும் இதன் நோக்கம். 2021 நவம்பரில் பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் பெருவெள்ளம் வந்து பாலங்கள் சேதமானது போன்ற வேளையில், அவை கூடி வாக்களிக்கும் வரை அரசு காத்திருக்க முடியாது. அதற்காகவே அந்த நிதி இருக்கிறது. இங்கே வாக்கு செலவுக்குப் பின்னால் வருகிறது. என் கணிப்பில், மூல கோரிக்கைகளைவிடத் துணைக் கோரிக்கைகளில்தான் ஆட்சியின் உண்மையான முன்னுரிமைகள் தெரிகின்றன. ஆனால் அவற்றுக்குத் தரப்படும் விவாத நேரம் மிகக் குறைவு. நாளிதழ்களிலும் மொத்தத் தொகையைத் தாண்டி அதிகம் வருவதில்லை.

மூன்றாவது வழி அவைக்கு வெளியே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதிக்கு மிகத் தேவையான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு அனுப்பச் சொன்னார். எதிர்க்கட்சியினரும் அனுப்பினர். கூட்டித் தரும்படி அவையில் கேட்க முடியாத உறுப்பினர், தாளில் எழுதி ஆட்சியர் வழியே கேட்க முடிந்தது. இதோடு ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியும் அவர் பரிந்துரையில் செலவாகிறது. ஓர் உறுப்பினர் தாமே திசைகாட்டக்கூடிய பொதுப்பணம் ஏறக்குறைய இவ்வளவுதான். இரண்டுக்கும் அவருடைய வாக்கோடு தொடர்பில்லை.

ஒப்பிட வேலூர் மாநகராட்சியே போதும். அறுபது வார்டுகளின் உறுப்பினர்கள் அமரும் அந்த மாமன்றத்துக்குப் பத்தாவது அட்டவணை பொருந்தாது. தம் கட்சியைச் சேர்ந்த மேயர் கொண்டுவரும் தீர்மானத்தை எதிர்த்து ஒரு மாமன்ற உறுப்பினர் பேசலாம், எதிர்த்து வாக்களிக்கலாம். கட்சி அவரை நீக்கலாமே தவிர, அந்த அட்டவணையைக் காட்டி வார்டைப் பறிக்க முடியாது. தெருவிளக்கையும் குப்பை அள்ளுவதையும் பற்றி வாக்களிப்பவருக்கு இருக்கும் சுதந்திரம், ஒரு மாநிலத்தின் பள்ளிகளையும் அணைகளையும் பற்றி வாக்களிப்பவருக்கு இல்லை.

கட்சித்தாவல் தடைச் சட்டத்தைத் தளர்த்துவது பெரிய விவாதம். நிதி வாக்குகளை மட்டும் அதிலிருந்து விலக்கினால் ஒவ்வொரு மார்ச் மாதமும் பேரம் நடக்கும் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் எளிதாகச் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. ஒவ்வொரு மானியக் கோரிக்கைக்கும் யார் அவையில் இருந்தார், எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயரோடு பதிவு செய்வதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. பேரவை விதிகளில் மாற்றம் போதும். இரண்டாவது, கேரளத்தில் இருப்பது போன்ற துறைவாரிக் குழுக்கள். அங்கே மானியக் கோரிக்கைகள் வாக்குக்கு வருமுன் பொருட்குழுக்களின் ஆய்வுக்குப் போகின்றன. பல கட்சி உறுப்பினர்களும் அமர்ந்து அதிகாரிகளிடம் தலைப்பு வாரியாகக் கேள்வி கேட்கிறார்கள். தமிழகத்தில் பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் உண்டு. அவற்றில் பொதுக் கணக்குக் குழுவின் முதன்மையான வேலை, தணிக்கை அறிக்கை வந்த பின், செலவாகி முடிந்த பணத்தைப் பார்ப்பது. பாலாற்றுத் தடுப்பணைக்கு ஒதுக்கிய தொகை செலவானதா, செலவாகாமல் அரசுக்கே திரும்பியதா என்று வேலூர் உறுப்பினர் கேட்கக்கூடிய இடம் இப்போதைக்கு அதுவே. அங்கு அவர் எந்தக் கட்சிக் கொறடாவுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.